ஒட்சைட்டுப் பளிங்கின் காந்தமும் சமச்சீரும்: ஆய்வுகூட மேசையிலிருந்து பீம்லைன் வரை முழுமையான வழிகாட்டி

ஒட்சைட்டுப் பளிங்கில் எக்ஸ்-கதிரால் காந்த ஒழுங்கைத் தேடும் இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கச்சிமார் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். சிதறல் வரைபில் இருக்கக் கூடாத இடத்தில் சின்னதாக ஒரு பீக் (உச்சி) தெரியும், உடனே கொப்பியில் "காந்த பீக் கிடைத்தது" என்று எழுதிவிடுவார்கள். காந்தமாகவும் இருக்கலாம்தான். ஆனால் அதே இடத்தில் அதே அளவுக்கு பீக் தரக்கூடிய வேறு மூன்று ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களை ஒவ்வொருவராக வெளியே அனுப்பிய பிறகுதான் காந்தத்தைப் பற்றிப் பேச்செடுக்கலாம். எதை எதற்கு முன்னால் செய்வது, ஏன் அந்த ஒழுங்கு என்பதுதான் கீழே இருப்பது முழுக்க.

இரண்டு பொருள்களை வைத்துச் சொல்கிறேன். ஒன்று ஹெமடைட் என்கிற இரும்பு ஒட்சைட்டு, மலிவானது, கைக்கு எட்டுவது. மற்றது ஸ்ட்ரோன்சியம் இரிடேட், விலை கூடியது, ஆனால் முறை எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டும்.

1. எக்ஸ்-கதிர்தான் வேண்டுமா என்று முதலில் முடிவெடுங்கள்

காந்த ஒழுங்கைக் கண்டுபிடிக்க வழக்கமான முதல் தெரிவு நியூட்ரான். எக்ஸ்-கதிர் இலத்திரனின் ஏற்றத்தைத்தான் பிரதானமாகப் பார்க்கிறது; காந்தத்தால் வருகிற சிதறல் அதோடு ஒப்பிட்டால் பல மில்லியனில் ஒரு பங்கு. முடியாத காரியம் அல்ல, 1972-லேயே கிரெனோபிளில் டி பெர்ஜெவின், புரூனெல் இருவரும் சாதாரண எக்ஸ்-கதிர்க் குழாயை வைத்து நிக்கல் ஒட்சைட்டில் பார்த்துவிட்டார்கள். அதற்கு வேண்டிய பொறுமை எல்லோரிடமும் இராது என்பது வேறு விஷயம்.

எக்ஸ்-கதிருக்குப் போவதற்கு நியாயமான காரணங்கள் இவை: பளிங்கு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக இருக்கிறது, உள்ளே இருக்கிற மூலகம் இரிடியம் போல் நியூட்ரானை விழுங்குகிறது, இரண்டு வகை உலோக அணு இருந்து, காந்தம் எதில் என்று பிரித்துப் பார்க்க வேண்டும், அல்லது அணுவைச் சுற்றியிருக்கும் சமச்சீரே உங்கள் கேள்வி. இதில் ஒன்றாவது பொருந்தாவிட்டால் நியூட்ரான் பக்கம் போங்கள். அணுவொன்றின் காந்தத் திருப்பம் (அந்த அணு என்கிற குட்டிக் காந்தத்தின் பலமும் திசையும்) எத்தனை போர் மக்னெட்டன் என்று தெரிய வேண்டுமானாலும் அங்கேதான் போக வேண்டும், ஏனென்றால் பரிவு எக்ஸ்-கதிர்ச் சிதறல், அதாவது கதிரின் சக்தியை அணுவின் உறிஞ்சல் விளிம்பில் வைத்துக் காந்தச் சைகையைப் பெருக்கி எடுக்கும் முறை, திசையை நன்றாகச் சொல்லும், அளவை லேசில் சொல்லாது.

2. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

பொருளின் பளிங்குக் கட்டமைப்புக் கோப்பு, உங்கள் சொந்தத் தூளின் கோணல் வரைபு (எந்தக் கோணத்தில் எவ்வளவு எக்ஸ்-கதிர் சிதறுகிறது என்பது), வெப்பநிலையோடு காந்தமாக்கம் மாறும் வரைபு. இந்த மூன்றும் இல்லாமல் பீம்டைம் (சிங்குரோட்ரான் என்ற பெரிய எக்ஸ்-கதிர் இயந்திரத்தின் அளவீட்டு நிலையமான பீம்லைனில் ஒதுக்கும் நேரம்) கேட்டு எழுதாதீர்கள். மூன்றாவதற்கு நம் பக்கம் வசதி இல்லையென்றால் இந்தியாவிலோ வேறெங்கோ ஓர் ஆய்வுகூடத்தோடு பேசி மாதிரியை அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். நீல் வெப்பநிலை (அதற்கு மேலே காந்த ஒழுங்கு குலைந்துபோகும்) தெரியாமல் பீம்லைனுக்குப் போனால், பீக் எந்த வெப்பநிலையில் மறைய வேண்டும் என்பதே தெரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள்.

மென்பொருள் எல்லாம் இலவசம். கட்டமைப்பைப் படமாகப் பார்க்க வெஸ்டா, தூள் வரைபைச் சீராக்க ஃபுல்புரோஃப் அல்லது ஜிசாஸ்-2, காந்தச் சமச்சீருக்கு பில்பாவோ பளிங்கியல் சேர்வர், தெறிப்புகளைக் கணக்கிட டான்ஸ் டிஃப்ராக்ஷன் என்ற பைதன் தொகுப்பு, பரிவு நிறமாலையைக் கணக்கிட எஃப்டிஎம்என்இஎஸ். எல்லாவற்றையும் கம்பஸில் நல்ல இணைப்பு இருக்கும்போதே இறக்கி வையுங்கள். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு மழைக்காலத்தில் சிக்னல் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

3. தூள் தயாரிப்பு: ஈரமும் உலையும்

மலைநாட்டில் இந்தப் படிதான் மற்ற ஊர்களைவிடக் கஷ்டம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் ஒட்சைட்டில் லந்தனம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லந்தனம் ஒட்சைட்டு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து ஐதரொட்சைட்டாக மாறும். கண்டியிலும் பேராதனையிலும் மழை பெய்கிற நாளில் போத்தல் மூடியைத் திறந்து வைத்துவிட்டு நிறுத்தால், தராசின் கடைசி இலக்கங்கள் ஓரிடத்தில் நிற்காமல் மெல்ல ஏறிக்கொண்டே போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முழுதும் ஐதரொட்சைட்டாகிவிட்ட தூளை ஒட்சைட்டு என்று நினைத்து நிறுத்தால், நீங்கள் எடுத்த லந்தனம் வேண்டியதைவிட ஏறத்தாழ 14 சதவீதம் குறைவு. மழை நாளில் பறித்த கொழுந்தை நிறுக்கும்போது தண்ணீருக்கென்று கிலோ கழிப்பார்களே, அதே சங்கதிதான். ஆனால் இங்கே எவ்வளவு கழிப்பது என்று யாருக்கும் தெரியாது, ஆகவே கழிக்கப் பார்க்காமல் உலர்த்துங்கள்.

லந்தனம் ஒட்சைட்டை 1000 பாகை செல்சியசில் இரவு முழுக்கச் சூடாக்கி, உலர்த்திச் சாடியில் ஆறவிட்டு, எடுத்தவுடன் நிறுக்க வேண்டும். சாடியில் உள்ள சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் சாடி இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். முதலில் ஜெல்லை உலர்த்துங்கள், அப்புறம் தூளை.

அடுத்தது உலை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி மின்னலோடு மழை வரும், கரண்ட் போகும். உலையின் உச்ச வெப்பநிலைக் கட்டத்தை அந்த நேரத்தில் வைக்காதீர்கள், முன்னிரவில் ஏற்றத் தொடங்குங்கள். கரண்ட் திரும்ப வரும்போது உங்கள் உலை விட்ட இடத்திலிருந்து தொடருமா, முதலிலிருந்து தொடங்குமா, அணைந்தே கிடக்குமா என்று கட்டுப்படுத்தியின் அமைப்பில் பார்த்து வையுங்கள். இது ஏன் முக்கியம் என்றால், பல ஒட்சைட்டுகளில் ஒட்சிசன் எவ்வளவு உள்ளே தங்குகிறது என்பதை ஆறும் வேகம்தான் தீர்மானிக்கிறது. ஒட்சிசன் மாறினால் காந்த வெப்பநிலை மாறும். இடையில் கரண்ட் போன தொகுதியை எறிய வேண்டாம், ஆனால் லேபிளில் எழுதுங்கள்.

4. தூள் கோணல்: இயந்திரத்துக்கு முன்னால் கவனிக்க வேண்டியது

நம் ஆய்வுகூடங்களில் பெரும்பாலும் இருப்பது செம்புக் குழாய். அதன் கதிர் 8.05 கேஇவி (கிலோ இலத்திரன்வோல்ற்). இரும்பின் கே விளிம்பு, அதாவது இரும்பு எக்ஸ்-கதிரைத் திடீரென்று அதிகமாக உறிஞ்சத் தொடங்கும் சக்தி, 7.112 கேஇவி. ஆக, செம்புக் கதிர் இரும்பைத் தூண்டி ஃப்ளூரசன்ஸ் வரவைக்கும், பின்னணி மேலே ஏறும், சின்னப் பீக்குகள் அதில் மூழ்கிவிடும். இதைப் பார்த்து "தூள் சரியாகப் பளிங்காகவில்லை" என்று திரும்ப உலையில் போட்டவர்களைத் தெரியும். டிடெக்டரின் சக்தி வாசலை இறுக்குங்கள், அல்லது சிதறிய பக்கத்தில் மொனோகுரோமேட்டர் (ஒரே அலைநீளத்தை மட்டும் விடும் பளிங்கு) இருந்தால் பூட்டுங்கள், கோபால்ட்டுக் குழாய் இருந்தால் அதைவிட நல்லது.

ஹெமடைட்டில் மக்னடைட்டு கலந்திருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. மக்னடைட்டின் மிகப் பலமான பீக் செம்புக் கதிரில் 35.4 பாகைப் பக்கம் வரும், ஆனால் ஹெமடைட்டின் (110) தெறிப்பு (அடைப்பில் இருப்பவை பளிங்குத் தளத்தின் மூன்று சுட்டிகள்) 35.6-ல் நிற்பதால் அதற்குள் ஒளிந்துவிடும். அங்கே தேடாதீர்கள். 30.1 பாகையைப் பாருங்கள், அந்த இடத்தில் ஹெமடைட்டுக்கு ஒன்றுமே இல்லை, ஆகவே சின்னதாக ஒரு மேடு இருந்தாலும் அது பெரும்பாலும் மக்னடைட்டுதான். ஒரு சதவீத மக்னடைட்டு இருந்தாலே உங்கள் காந்தமாக்க வரைபை அதுவே ஆட்டிப்படைக்கும், ஏனென்றால் ஹெமடைட்டின் சொந்தக் காந்தம் அவ்வளவு பலவீனம்.

5. காகிதத்தில் சமச்சீர்: இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள்

முழு வேலையிலும் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. கதிர் வேண்டாம், கரண்ட் கூட வேண்டாம். பலர் இதை பீம்லைனில் உட்கார்ந்துகொண்டு இரவு இரண்டு மணிக்குச் செய்யப் பார்க்கிறார்கள், அப்போதுதான் எல்லாம் குழம்புகிறது.

எந்தத் தெறிப்பு வரும், எது வராது என்று ஸ்பேஸ் குரூப், அதாவது பளிங்கின் முழுச் சமச்சீர்த் தொகுதி, சொல்லும். வராத தெறிப்புகளில் இரண்டு வகை உண்டு, அவற்றைப் பிரிக்காமல் ஒரே கூடையில் போடுவதுதான் பெரிய பிழை.

முதல் வகை, அலகுக் கலத்தின் மையப் புள்ளியால் வராமல் போவது. உடல்மையக் கலத்தில் மூன்று சுட்டிகளின் கூட்டுத்தொகை ஒற்றை எண்ணாக வந்தால் தெறிப்பு இல்லை. இங்கே ஒன்றையொன்று அழிக்கிற இரண்டு அணுக்களும் வெறுமனே இடம் நகர்த்தப்பட்டவை, ஒரே திசையைப் பார்த்து நிற்பவை. ஆகவே எக்ஸ்-கதிரின் சக்தியை எங்கே வைத்தாலும் அவை ஒரே மாதிரித்தான் சிதறும், அழிவு பூரணம்.

இரண்டாவது வகை, வழுக்குத் தளத்தாலோ திருகு அச்சாலோ வராமல் போவது. இங்கே இரண்டாவது அணு நகர்ந்தது மட்டுமல்ல, திரும்பியும் இருக்கிறது. சாதாரணச் சக்தியில் அணு உருண்டையாகத் தெரிவதால் திரும்பியது விளங்காது, அழிவு நடக்கும். உறிஞ்சல் விளிம்புக்குப் போனதும் அணு தன்னைச் சுற்றியிருக்கும் ஒட்சிசன்களின் திசையை உணரத் தொடங்கும், அப்போது திரும்பிய அணுவும் திரும்பாத அணுவும் ஒன்றல்ல, அழிவு பூரணமாகாமல் கொஞ்சம் கசியும். இதைத் திசைசார் சிதறல் என்று வைத்துக்கொள்ளுங்கள். காந்தமே இல்லாத பொருளிலும் வரும், விளிம்பில் பரிவு காட்டும் (திடீரென்று பெரிதாகும்), முனைவாக்கத்தையும் (கதிரின் மின்புலம் அதிரும் திசையை) திருப்பும். பார்வைக்கு அப்படியே காந்தம்தான்.

இப்போது இரண்டு பொருள்களையும் எடுங்கள். ஸ்ட்ரோன்சியம் இரிடேட் உடல்மைய நாற்கோணக் கலம், ஏ 5.49 ஆங்ஸ்ட்ரம், சி 25.8 பக்கம். இதன் காந்தத் தெறிப்புகளில் ஒன்று (1 0 22). கூட்டுத்தொகை 23, ஒற்றை. அதாவது முதல் வகை. கட்டமைப்பால் அங்கே ஒன்றும் வர முடியாது, திசைசார் கசிவும் வர முடியாது; மையப் புள்ளிச் சமச்சீரைக் காந்தம் முறித்தால் மட்டும்தான் வரும். புதியவருக்கு இதைவிட நல்ல தெறிப்பு கிடைக்காது.

ஹெமடைட் அப்படியல்ல. சி அச்சு வழியே (006), (0 0 12) வரும், (003), (009) வராது, காரணம் வழுக்குத் தளம். இரண்டாவது வகை. இரும்பு அணு மும்மடி அச்சில் உட்கார்ந்திருப்பதால் இருமுனை மட்டத்தில், அதாவது இலத்திரன் தாவுகிற பலமான வழியில், எல்லா இரும்பும் ஒன்றுபோலத் தெரியும், அங்கே கசிவு இல்லை. ஆனால் விளிம்புக்குச் சற்று முன்னால், இலத்திரன் 1எஸ் மட்டத்திலிருந்து 3டி மட்டத்துக்குப் போகிற பலவீனமான நான்முனைத் தாவலில் கசியும். 1992-ல் இரும்பின் கே விளிம்பில் இதை அளந்து காட்டிவிட்டார்கள். இதே (003) இடத்தில்தான் காந்தமும் விழுகிறது. ஆக, ஹெமடைட்டின் (003) சமச்சீர் படிக்க அருமையான தெறிப்பு, காந்தம் படிக்கத் தொல்லை பிடித்த தெறிப்பு.

இந்த மாதிரி உங்கள் பொருளுக்கும் கொப்பியில் ஒரு பக்கம் எழுதுங்கள்: தெறிப்பு, ஏன் வராது, விளிம்பில் கசியுமா, காந்தம் வந்தால் எந்தத் திசைக் காந்தத்துக்கு வரும், எந்தக் கோணத்தில் வரும். காந்த அமைப்புகளின் பட்டியலை பில்பாவோ சேர்வரில் எடுக்கலாம், ஆனால் முதல் இரண்டு தெறிப்பையாவது கையால் போட்டுப் பாருங்கள். சேர்வர் எந்த அச்சு ஒழுங்கை எடுத்துக்கொண்டது என்று கையால் போட்டவருக்குத்தான் பிடிபடும்.

6. விளிம்பைத் தேர்வது

இரும்பு கே விளிம்பு 7.112 கேஇவி, அலைநீளம் 1.743 ஆங்ஸ்ட்ரம். 1எஸ் இலத்திரன் பிரதானமாக 4பி-க்குப் போகிறது, காந்தம் இருப்பதோ 3டி-யில். அதனால் 3டி உலோகங்களின் கே விளிம்பில் காந்தச் சைகை பலவீனம். எல் விளிம்பில் பலமாக இருக்கும், ஆனால் அது மென் எக்ஸ்-கதிர், அலைநீளம் நீண்டது, ஹெமடைட் போன்ற சிறிய கலங்களில் பெரும்பாலான தெறிப்புகளை எட்டவே முடியாது.

இரிடியத்தில் இரண்டும் ஒன்றாகக் கூடி வருகிறது. எல்3 விளிம்பு 11.215 கேஇவி, நேராக 5டி-க்குப் போகிறது, அலைநீளம் 1.106 ஆங்ஸ்ட்ரம் என்பதால் பளிங்கியலுக்கும் தோது. இரிடேட்டுகளில் இந்த முறை இவ்வளவு ஓடுவதற்குக் காரணம் இதுதான்.

எல்3-ல் பலமாகவும் 12.824 கேஇவி எல்2-ல் மிகப் பலவீனமாகவும் பீக் வந்ததை வைத்து இரிடேட்டின் இலத்திரன் நிலையைப் பற்றி 2009-ல் ஒரு முடிவு சொன்னார்கள், நிறையப் பேர் அதைப் பின்பற்றினார்கள். பிறகு, காந்தத் திருப்பம் தளத்தில் கிடந்தாலே எல்2 சைகை விழுந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆகவே அந்த விகிதத்தை மட்டும் வைத்து இலத்திரன் நிலையை எழுதிவிடாதீர்கள்.

7. பளிங்கு: மேற்பரப்பும் திசையும்

விளிம்பில் கதிர் சில மைக்ரோமீற்றர் ஆழம்தான் உள்ளே போகும். நீங்கள் பார்ப்பது மேல் தோலை மட்டும். அரக்காகிதக் கீறல்கள் அந்தத் தோலைக் கிழித்து வைத்திருந்தால், உள்ளே எவ்வளவு நல்ல பளிங்கு இருந்தும் பிரயோசனமில்லை. வைரப் பசையால் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வந்து கடைசியில் ஒரு மைக்ரோமீற்றருக்குக் கீழே முடியுங்கள். இரிடேட் தகடாகப் பிரியும், பிரிந்த முகமே பெரும்பாலும் போதும், அதைப் போய்த் தேய்க்காதீர்கள்.

பார்க்கப் போகிற தெறிப்பு முகத்துக்குச் செங்குத்தாக இருக்கும்படி வெட்டினால் பளிங்கைத் தெறிப்புத் திசையைச் சுற்றித் திருப்பும்போது உறிஞ்சல் மாறாது, பின்னால் திருத்தம் செய்கிற தலையிடி மிச்சம். பக்க விளிம்பில் ஏ அச்சு எந்தப் பக்கம் என்று லாவே படம் (பளிங்கின் திசையைக் காட்டும் எக்ஸ்-கதிர்ப் புள்ளிப் படம்) எடுத்து, தாங்கியில் அடையாளம் போடுங்கள். பசையில் ஒட்டிய பிறகு பார்க்கலாம் என்று விடுகிறவர்கள் சுழற்சிக் கோணத்தின் பூச்சியம் எங்கே என்று கடைசி வரை தேடுவார்கள்.

8. பீம்டைம் விண்ணப்பம்

இலங்கையில் சிங்குரோட்ரான் இல்லை. பக்கத்தில் இந்தோரில் 2.5 ஜிஇவி இண்டஸ்-2 இருக்கிறது. இந்த வேலைக்கென்றே அமைந்த பீம்லைன்கள் என்றால் இங்கிலாந்தில் டயமண்டின் ஐ16, ஹம்பேர்க்கில் பெட்ரா-3 இன் பி09 போன்றவை. முடிவை வெளியிடுவதாக இருந்தால் பெரும்பாலும் கட்டணம் இல்லை, விண்ணப்பத்தை நிபுணர்கள் படித்துத் தெரிவு செய்வார்கள்.

அவர்கள் தேடுவது ஐந்தாம் படியில் நீங்கள் எழுதிய பக்கத்தைத்தான். எந்தத் தெறிப்பு, எந்த விளிம்பு, எந்த வெப்பநிலை, வந்தால் என்ன அர்த்தம், வராவிட்டால் என்ன அர்த்தம். பொருளின் பெருமையை அரைப் பக்கம் எழுதி இதை இரண்டு வரியில் முடித்த விண்ணப்பங்கள் திரும்பி வரும். பீம்லைன் விஞ்ஞானிக்கு முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் போடுங்கள், பதில் போடுவது அவர்கள் வேலைதான், தயங்க வேண்டாம்.

திகதி கிடைத்த அன்றே விசாவுக்கு ஆயத்தமாகுங்கள். மாதிரியை வேறாக, முன்னதாக, என்ன பொருள் என்று தெளிவாக எழுதி அனுப்புங்கள். பெயரில்லாத கறுப்புத் தூளைக் கைப்பையில் கொண்டுபோய் விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

9. பீம்லைனில் முதல் வேலை: பலமான பீக்குகள்

ஆசை இருக்கும், ஆனால் பலவீனமான பீக்கைத் தேடி முதலில் போகாதீர்கள். முதலில் சக்தி அளவீடு: இரும்பென்றால் இரும்புத் தகட்டின் உறிஞ்சலை எடுத்து 7.112-ல் சரி செய்யுங்கள். சிலிக்கன் (111) மொனோகுரோமேட்டரின் அகலம் இந்தச் சக்தியில் ஒரு இலத்திரன்வோல்ற் அளவு. இரண்டு மூன்று இலத்திரன்வோல்ற் தள்ளிப்போனாலே முன்விளிம்பையும் பிரதான விளிம்பையும் மாற்றிச் சொல்லிவிடுவீர்கள்.

அப்புறம், ஒரே கோட்டில் இல்லாத இரண்டு சாதாரணத் தெறிப்புகளைப் பிடித்துத் திசை அணியை (பளிங்கின் அச்சுகளை இயந்திரத்தின் கோணங்களோடு இணைக்கும் அணி) போடுங்கள். மூன்றாவது ஒன்றைக் கணக்கிட்டு அங்கே போய்ப் பாருங்கள், பீக் அங்கேயே இருந்தால் அணி சரி. (006)-ஐயும் (0 0 12)-ஐயும் வைத்து அணி போட்டால் இரண்டும் ஒரே கோடு, பளிங்கு சி அச்சைச் சுற்றி எப்படித் திரும்பியிருக்கிறது என்று கணினிக்குத் தெரியவே தெரியாது. இந்தப் பிழை நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது.

10. பலவீனமான பீக்: சந்தேக நபர்களை ஒவ்வொருவராக வெளியேற்றுதல்

பீக் கிடைத்துவிட்டது. இந்த ஒழுங்கில் போங்கள், இலகுவான சோதனை முதலில்.

முதலில் அரை அலைநீளம். (003) கோணத்தில் நிற்கும்போது, கதிரில் அரை அலைநீளம் கொஞ்சம் கலந்திருந்தால் அது (006)-லிருந்து அதே கோணத்துக்கு வரும். (006) அனுமதிக்கப்பட்ட தெறிப்பு. (1 0 22)-க்கும் இதே கதை, (2 0 44) அங்கே வந்து நிற்கும். சிலிக்கன் (111) மொனோகுரோமேட்டர் அரை அலைநீளத்தைப் பெருமளவு தடுக்கும், கண்ணாடிகள் மிச்சத்தைத் தடுக்கும், என்றாலும் நீங்கள் தேடுவது மில்லியனில் ஒரு பங்கு என்பதால் துளி கசிந்தாலே போதும், பீக் வந்துவிடும். சோதனை சுலபம்: பிரதான கதிரைப் பத்தில் ஒன்றாக்கும் அலுமினியத் தகட்டைக் குறுக்கே போடுங்கள். உண்மையான பீக் பத்தில் ஒன்றாகும். இரட்டைச் சக்திக் கதிருக்கு உறிஞ்சல் ஏறத்தாழ எட்டில் ஒன்று என்பதால், அரை அலைநீளப் பீக் கால்வாசிதான் குறையும்.

இரண்டாவது, பல்முறைச் சிதறல். கதிர் ஒரு தளத்தில் பட்டு, அங்கிருந்து இன்னொரு தளத்தில் பட்டு, கடைசியில் வரக் கூடாத தெறிப்பின் திசையில் வெளியே வருவது. இது காந்தத்தைவிடப் பல மடங்கு பலமாக வரும், ஏமாறுவது இதில்தான் அதிகம். பளிங்கைத் தெறிப்புத் திசையைச் சுற்றி ஒரு பாகையின் பத்தில் ஒரு பங்கு வீதம் திருப்பிக்கொண்டு போங்கள். பல்முறைச் சிதறல் ஊசி போல் எழுந்து விழும், உண்மைப் பீக் மெதுவாக மாறும். சக்தியை மாற்றினால் ஊசிகளும் இடம் மாறும். எந்தக் கோணத்தில் ஊசிகள் வரும் என்று முதலே கணக்கிட்டு, ஊசி இல்லாத வெளியான கோணத்தில் நின்று மற்ற அளவீடுகளை எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் எடுத்த சக்தி வரைபில் நடுவே திடீரென்று ஒரு கூர் இருந்தால், அது புதிய பௌதிகம் அல்ல.

மூன்றாவது, திசைசார் சிதறல். முதல் இரண்டும் போன பிறகு மிச்சம் இருப்பது விளிம்பில் பரிவு காட்டினால், அது இதுவா காந்தமா என்பதுதான் கேள்வி. நீல் வெப்பநிலைக்கு மேலே ஏற்றுங்கள். இரிடேட் 240 கெல்வின் பக்கம், சுலபம். பீக் மறைந்தால் காந்தம். ஹெமடைட்டின் நீல் வெப்பநிலையோ 950 கெல்வினுக்கு மேல், அதுவரை சூடாக்குவது எல்லா இடத்திலும் முடியாது. அங்கே மோரின் மாற்றத்தைப் பயன்படுத்துங்கள்: 260 கெல்வின் பக்கத்தில் காந்தத் திருப்பங்கள் தளத்திலிருந்து சி அச்சுக்குத் திரும்பும், கட்டமைப்பு கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். மாற்றத்தின் இரு பக்கமும் எடுத்து ஒப்பிட்டால் மாறிய பகுதிதான் காந்தம். 260 கெல்வின் என்றால் பூச்சியத்துக்குக் கீழே 13 பாகை செல்சியஸ், நுவரெலியாவின் ஜனவரி உறைபனிக்கு எட்டாது, நைதரசன் குளிர்வீச்சுக்குத் தாராளமாக எட்டும். அழுக்குக் கலந்த பளிங்கிலும் நுண்துகளிலும் மோரின் மாற்றம் கீழே இறங்கும் அல்லது இல்லாமலே போகும், ஆகவே உங்கள் மாதிரியின் சொந்தக் காந்தமாக்க வரைபை நம்புங்கள், புத்தக எண்ணை அல்ல.

11. முனைவாக்கம்

பெரும்பாலான பீம்லைன்களில் கதிர் கிடையாக முனைவாக்கப்பட்டிருக்கும், நிலைக்குத்துத் தளத்தில் சிதறவிட்டால் அது சிக்மா, அதாவது சிதறல் தளத்துக்குச் செங்குத்து; தளத்துக்குள்ளேயே கிடந்தால் அது பை. சாதாரண ஏற்றச் சிதறல் சிக்மாவைச் சிக்மாவாகவே விடும். இருமுனைக் காந்தச் சிதறல் சிக்மாவைப் பையாகத் திருப்பும், அதன் வீச்சு சிதறி வெளியே போகிற கதிரின் திசையில் காந்தத் திருப்பத்துக்கு எவ்வளவு கூறு இருக்கிறதோ அதற்கு விகிதசமம். அதனால்தான் பளிங்கைச் சுற்றித் திருப்பி அளந்தால் காந்தத்தின் திசை கிடைக்கிறது.

பிரித்துப் பார்க்க அனலைசர் பளிங்கு வேண்டும், அது 45 பாகைக்குக் கிட்டத் தெறிக்க வேண்டும். இரிடியம் எல்3-க்குத் தங்கம் (333), 44.8 பாகை. இரும்பு கே-க்கு மக்னீசியம் ஒட்சைட்டு (222), 45.8 பாகை. சரியாக 45 இல்லாததால் ஏற்றச் சிதறலில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ தப்பான வாசலுக்குள் புகும். பக்கத்தில் பலமான பீக் இருந்தால் அதுவும் பெரிய தொகைதான், ஒரு சாதாரணத் தெறிப்பில் அந்தக் கசிவை அளந்து எழுதி வையுங்கள். சக்தியை மாற்றும்போது அனலைசர் கோணமும் கூடவே மாற வேண்டும். அது மாறாமல் எடுத்த சக்தி வரைபில் பரிவு மெலிந்து தெரியும். அது அனலைசரின் அகலம், பொருளின் அகலம் அல்ல.

12. வெப்பநிலை வரைபும் கதிர் சூடும்

கதிர் விழும் புள்ளி, வெப்பமானி இருக்கும் இடத்தைவிடச் சூடாக இருக்கும். குளிர் கூடக்கூட வித்தியாசமும் கூடும். மாற்ற வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே நின்று, கதிரைத் தகடு போட்டு அரைவாசியாக்குங்கள். பீக்கும் சரியாக அரைவாசியானால் பிரச்சினை இல்லை. அரைவாசிக்கு மேல் மிஞ்சினால், முழுக் கதிரில் மாதிரி சூடாகியிருந்தது என்று அர்த்தம். தகட்டோடேயே வரைபை எடுங்கள், மெதுவாக இருந்தாலும்.

ஒவ்வொரு வெப்பநிலையிலும் பீக்கின் உயரத்தை மட்டும் எடுக்காதீர்கள். குளிர்விக்கும்போது தாங்கி சுருங்கும், பளிங்கு நகரும், பீக் பக்கத்துக்குப் போகும். பளிங்கை ஆட்டி முழு வரைபை எடுத்து அதன் பரப்பைப் போடுங்கள்.

13. தரவைக் கொண்டுவந்த பிறகு

முதலில் கதிர்க் கண்காணிப்பு எண்ணால் வகுத்தல், பிறகு பீக்கை விட்டு விலகி எடுத்த பின்னணியைக் கழித்தல், பிறகு உறிஞ்சல் திருத்தம். ஒழுங்கு இதுதான், மாற்ற வேண்டாம். விளிம்பைத் தாண்டும்போது உறிஞ்சல் பல மடங்கு ஏறுவதால், திருத்தாத சக்தி வரைபில் பரிவின் மேல் பக்கம் வெட்டுண்டு, உச்சி இருக்க வேண்டிய இடத்தைவிடக் கீழே தெரியும். அதே நேரத்தில் எடுத்த ஃப்ளூரசன்சிலிருந்து உறிஞ்சலைப் பெறலாம். இரிடேட்டில் திருத்திய பிறகும் பரிவின் உச்சி உறிஞ்சலின் உச்சிக்குச் சில இலத்திரன்வோல்ற் கீழேதான் நிற்கும், அது பிழை அல்ல.

சுழற்சி வரைபுக்குப் பொருத்தும்போது முதலில் சமச்சீர் கட்டாயப்படுத்துவதைச் சரிபாருங்கள். ஹெமடைட்டின் (003) காந்தம் சேராத நிலையில் 120 பாகைக்கு ஒருமுறையாவது திரும்ப வந்தே ஆக வேண்டும், நான்முனைக் கசிவு மட்டும் என்றால் 60 பாகைக்கு ஒருமுறை. அப்படி வராவிட்டால் பளிங்கு மையத்தில் சுழலவில்லை, அல்லது கதிர் பளிங்கின் ஓரத்தைத் தாண்டி விழுகிறது. மாதிரிக்குப் புதுச் சமச்சீர் கண்டுபிடிப்பதற்கு முன் இந்த இரண்டையும் பாருங்கள்.

காந்த ஆட்சிப்பகுதிகளையும் (பளிங்குக்குள் காந்த ஒழுங்கு ஒவ்வொன்றிலும் வெவ்வேறு திசையில் இருக்கும் பகுதிகள்) மறக்க வேண்டாம். தளத்தில் கிடக்கும் திருப்பங்களுக்குச் சமமான பல திசைகள் இருக்கும், கதிர் அவற்றில் பலவற்றை ஒரேயடியாகப் பார்க்கும். ஒரே திசை என்று எடுத்துப் பொருத்தினால் வரைபு பொருந்தாது, பொருந்தினாலும் நம்பாதீர்கள். ஒவ்வொரு பகுதியின் பங்கையும் தனித்தனி எண்ணாக விட்டு, குறைந்தது இரண்டு வேறு தெறிப்புகளுக்கு ஒரே எண்களை வைத்துப் பொருத்துங்கள்.

ஒவ்வொரு கோப்போடும் இவற்றை எழுதி வையுங்கள்: சுழற்சிக் கோணத்தின் பூச்சியத்துக்கு எந்த அச்சை எடுத்தீர்கள், எந்தத் தகடு போட்டிருந்தது, எந்த அனலைசர், அதன் கசிவு எவ்வளவு. ஆறு மாதம் கழித்து எழுத உட்காரும்போது கோப்பில் இல்லாத ஒன்றை யாரிடமும் கேட்க முடியாது, பீம்லைனில் அப்போது வேறொருவரின் பளிங்கு ஏறியிருக்கும்.